கரண்ட் வந்ததும் பூட்டை நீக்கலாமா?

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 26 வயது. ஆறு பேர் கொண்ட சிறிய மென்பொருள் குழுவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். விசைப்படகில் பொருத்தும் ஒரு கருவிக்கு மென்பொருள் செய்கிறார்கள். ஜிபிஎஸ் பார்த்து, படகு கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் ஒலி எழுப்பும் கருவி அது. மாடியில் ஒரு சர்வர், அதில் ஒரே ஒரு பில்ட் டைரக்டரி, அதாவது எழுதிய நிரலைக் கருவியில் ஓடும் மென்பொருளாகக் கட்டும் (பில்ட் செய்யும்) இடம். அதைத்தான் ஆறு பேரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் சர்வரிலேயே உள்நுழைந்து பில்ட் செய்கிறார்கள். மற்ற நான்கு பேர் அதே டைரக்டரியை என்எஃப்எஸ் (வேறு கணினியின் டைரக்டரியை வலைப்பின்னல் வழியாகப் பயன்படுத்தும் முறை) வழியாகத் தங்கள் கணினியில் இணைத்து வைத்திருக்கிறார்கள். முழு பில்ட் முடிய சுமார் 2 மணி 15 நிமிடம் ஆகும்.

ஐப்பசி மழைக்காற்றில் கரண்ட் அடிக்கடி போகிறது. யூபிஎஸ் 20 நிமிடம் தாங்கும், அதற்குமேல் சர்வர் அப்படியே அணைந்துவிடும். திரும்ப வந்ததும் 'இன்டெக்ஸ்.லாக் ஏற்கெனவே இருக்கிறது' என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மறுக்கும். 'வேறு பில்ட் ஓடுகிறது' என்று இவர்களுடைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) மறுக்கும். ஒரே நேரத்தில் இருவர் எழுதிவிடாமல் தடுக்க வைக்கும் கோப்புகள்தான் இந்தப் பூட்டுகள். "கரண்ட் வந்தால் பூட்டை நீக்குவதை ஒரு வேலையாகவே எனக்குக் கொடுத்துவிட்டார்கள் ஐயா" என்கிறார். போன மாதம் டீம் லீடர் அண்ணன், 30 நிமிடத்துக்குமேல் பழையதான '.லாக்' கோப்புகளையெல்லாம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தேடி நீக்கும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஒரு வரி போட்டிருக்கிறார்.

அப்புறம் அந்த நாள். அதிகாலை 4.40-க்குச் சர்வர் அணைந்தது. 6.10-க்குத் திரும்பியது. 6.20-க்கு வாசகி வீட்டிலிருந்தே உள்நுழைந்து, 4.37 என்று நேரம் காட்டிய இரண்டு பூட்டுக் கோப்புகளை நீக்கினார். 7 மணிக்கு, கீழக்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் சக ஊழியர் தன் மேசைக் கணினியிலிருந்து பில்டைத் தொடங்கினார். 9 மணிக்கு வந்த வாசகி, பூட்டு எதுவும் இல்லையே என்று தன் பில்டைத் தொடங்கினார். இரண்டும் பிழையில்லாமல் முடிந்ததாகத் திரை சொன்னது. அந்த மென்பொருளை மூன்று படகுகளில் சோதனைக்கு ஏற்றினார்கள். துறைமுகத்தில் நிற்கும்போதே ஒரு கருவி திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தது. இன்னொன்றில் ஒலி வரவில்லை. கட்டளை வரலாற்றில் 6.20-க்கு வாசகி பூட்டை நீக்கியது தெரியவே, விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். "நான் செய்தது தப்பா? ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) இருந்தும் ஒரு பூட்டுக் கோப்பைத் திறக்க முடியாமல் 'அனுமதி இல்லை' என்று ஏன் வருகிறது? எனக்கு இந்த வேலை சரிப்படாதோ?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்திருக்கும் நேரங்களை வைத்துப் பார்த்தால், 6.20-க்கு நீங்கள் நீக்கிய இரண்டு பூட்டுகளும் நீக்க வேண்டியவைதான். அன்று சேதம் செய்தது வேறு. ஆனால் அந்தப் பூட்டுகள் ஏன் நீக்கத் தக்கவை என்பதற்கு நீங்கள் எழுதியிருக்கும் காரணம் சரியில்லை. "கரண்ட் போய் வந்தால் பூட்டு எல்லாமே குப்பைதானே" என்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு தொடர்ந்தால் ஒருநாள் தவறான பூட்டில் கை வைப்பீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

துண்டும் ஆளும்

ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு இருந்தால் ஆள் வருவார் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். போட்டவர் மனம் மாறி வேறு பஸ்ஸில் போய்விட்டாலும் துண்டு அங்கேயே கிடக்கும். கிட்டின் 'இன்டெக்ஸ்.லாக்', உங்கள் ஸ்கிரிப்டின் 'பில்ட்.லாக்' இரண்டும் இந்த வகை. கோப்பு இருக்கிறது என்பதுதான் பூட்டு. அதை உருவாக்கிய பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தானாக நீக்கினால்தான் உண்டு. ஒழுங்காக முடிந்தால் நீக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினால்கூட, ஸ்கிரிப்டில் 'ட்ராப்' (நிறுத்தும்போது ஓட வேண்டிய கட்டளை) எழுதியிருந்தால் நீக்கும். ஆனால் 'கில் -9' கொடுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தினாலோ, நினைவகம் போதாமல் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) கொன்றாலோ, கரண்ட் போனாலோ அதற்கு வாய்ப்பே இல்லை. துண்டு கிடந்துவிடும்.

இரண்டாவது வகையில் ஆளே சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். 'எஃப்லாக்' போன்ற கர்னல் பூட்டுகள் இப்படி. இங்கே கோப்பு என்பது சீட் மட்டுமே. பூட்டு கர்னலின் கணக்கில் இருக்கிறது. பிராசஸ் எப்படிச் செத்தாலும் கர்னல் பூட்டை விடுவித்துவிடும். கோப்பு மட்டும் காலி சீட்டாக அங்கேயே இருக்கும், இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. ரஸ்ட் மொழி நிரலைக் கட்டும் கார்கோ, கட்டியவற்றை வைக்கும் தன் டார்கெட் டைரக்டரியில் வைக்கும் '.கார்கோ-லாக்' இந்த வகை. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும்போது தடுக்கும் டிபிகேஜி பூட்டும் ஏறக்குறைய இதேதான்.

இந்த வகைக் கோப்பை நீக்குவது, துண்டை எடுப்பதைவிட மிக மோசமானது. ஒருவர் 14-ஆம் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இன்னொரு சீட்டைப் போட்டு அதற்கும் 14 என்று எண் எழுதினால் எப்படி இருக்கும்? லினக்ஸில் அதுதான் நடக்கிறது. ஒரு பிராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் நீக்கினாலும், அதன் ஐனோடு (பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோப்பு) அந்தப் பிராசஸிடம் உயிரோடு இருக்கும், அதன்மேல் பூட்டும் இருக்கும். அடுத்து வருபவர் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி, அதைப் பூட்டுவார். இரண்டு பேரிடமும் பூட்டு இருக்கும், இரண்டு பேருக்கும் சந்தேகமே வராது, ஒரே டைரக்டரியில் இருவரும் எழுதுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. இணையத்தில் 'அந்தக் கோப்பை நீக்கு, சரியாகிவிடும்' என்று கிடைக்கும் அறிவுரைகளை நான் இதனால்தான் எதிர்க்கிறேன்.

அப்புறம், பெயர் மட்டும் '.லாக்' என்று முடிந்து, பூட்டே இல்லாத கோப்புகளும் உண்டு. 'கார்கோ.லாக்', 'யார்ன்.லாக்', 'பொயட்ரி.லாக்' எல்லாம் அப்படி. எந்தெந்த நூலகத்தின் எந்தப் பதிப்பை வைத்து இந்த மென்பொருள் கட்டப்பட வேண்டும் என்று உறுதிசெய்து எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது. நீங்கள் எழுதியது அல்ல என்றாலும், அது உங்கள் நிரலின் ஒரு பகுதி. அண்ணன் போட்ட கிரான் வரி பெயரை மட்டும்தான் பார்க்கிறது. பல நாள் பழைய 'கார்கோ.லாக்' 30 நிமிடத்துக்குமேல் பழையதுதானே? அதையும் அது நீக்கும். கார்கோ என்ன செய்யும் தெரியுமா? பட்டியல் இல்லை என்றால் கோபிக்காது. பொருந்தக்கூடியதில் புதிய பதிப்புகளைத் தானே தேர்ந்தெடுத்து, புதுப் பட்டியலை எழுதிக்கொண்டு, பில்டை முடித்துத் தரும். திங்கள்கிழமை கட்டியதும் வியாழக்கிழமை கட்டியதும் ஒரே நிரலிலிருந்து வந்த வேறு வேறு மென்பொருளாக இருக்கும்.

அன்று காலை நடந்தது என்ன?

உங்கள் நேரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சக ஊழியரின் பில்ட் 7 மணிக்குத் தொடங்கியது. அவருடைய 'பில்ட்.லாக்' 7 மணிக்கு உருவானது. 7.30 தாண்டியதும், அடுத்த சுற்றில் கிரான் அதை நீக்கியிருக்கும். அவர் பில்ட் 9.15 வரை ஓடியிருக்க வேண்டும். 9 மணிக்கு நீங்கள் 'பூட்டு இல்லை' என்று கண்டீர்கள், தொடங்கினீர்கள். கால் மணி நேரம் இருவரும் ஒரே டைரக்டரியில் ஒருவர் மேல் ஒருவர் எழுதியிருக்கிறீர்கள்.

'பழைய பூட்டு என்றால் செத்த பூட்டு' என்ற நம்பிக்கைதான் அந்தக் கிரான் வரியின் அடிப்படை. வயது எதையும் நிரூபிக்காது. தங்குகடலுக்குப் போன படகு மறுநாள் காலையில் கரைக்கு வரவில்லை என்றால் யாரும் பதறுவதில்லையே. 2 மணி 15 நிமிடம் ஓடும் வேலைக்கு 30 நிமிடக் கெடு வைத்தால், உயிரோடு இருக்கும் ஒவ்வொரு முழு பில்டின் பூட்டையும் அது பிடுங்கும். ஒரு மாதமாக அப்படித்தான் நடந்திருக்கும். அன்றுதான் இருவர் மோதினீர்கள்.

கார்கோ தன் சொந்தப் பூட்டால் காப்பாற்றியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். சர்வருக்குள்ளேயே இரண்டு பேர் கட்டினால் 'பில்ட் டைரக்டரியின் பூட்டுக்காகக் காத்திருக்கிறேன்' என்று அது நிற்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் டைரக்டரி என்எஃப்எஸ்ஸில் இருப்பது தெரிந்தால் லினக்ஸில் கார்கோ பூட்டே போடாது. என்எஃப்எஸ் மேல் அந்தப் பூட்டு சில இடங்களில் முடிவில்லாமல் தொங்கிவிடுவதால், வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். சக ஊழியர் தன் மேசையிலிருந்து, என்எஃப்எஸ் வழியாகக் கட்டினார். அதனால் அவர் பக்கம் பூட்டு கிடையாது. நீங்கள் பார்த்த அமைதிக்கு இதுவும் ஒரு காரணம். நிரலைக் கட்டும் இன்னொரு கருவியான மேக்கோ இந்த விஷயத்தில் எந்தப் பூட்டும் போடுவதில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அதில்தான் உங்கள் பங்கு கொஞ்சம் வருகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 4.40-க்கு அணைந்தபோது இரவு பில்ட் ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே அந்த 4.37 பூட்டு சொன்னது? அப்படியென்றால் பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்புகள் (பில்டின் இடைநிலைக் கோப்புகள்) டைரக்டரியில் கிடந்திருக்கும். திடீரென்று கரண்ட் போகும்போது, பெயரும் நேரமும் பதிந்து உள்ளடக்கம் வட்டில் இறங்காமல், பூஜ்ய அளவில் நிற்கும் கோப்புகளும் உண்டு. மேக் நேரத்தை மட்டும் பார்க்கும். மூல நிரலைவிடப் புதிய நேரம் இருந்தால் 'இது தயார்' என்று தாண்டிப் போய்விடும். இயல்பாக நிறுத்தினால் பாதிக் கோப்பை மேக்கே நீக்கிவிடும், கரண்ட் போனால் அதனால் முடியாது. நீங்கள் பூட்டை எடுத்தது சரி. எடுத்த கையோடு, பாதியில் நின்ற அந்த டைரக்டரியைத் துடைத்திருக்க வேண்டும், அல்லது '4.37 பில்ட் பாதியில் நின்றிருக்கிறது, சுத்தமாகத் தொடங்குங்கள்' என்று குழுவுக்கு ஒரு வரி போட்டிருக்க வேண்டும். கிடக்கும் பூட்டு ஒரு தகவல். அதை எடுத்தபோது தகவலும் போய்விட்டது, 7 மணிக்கு வந்தவருக்கு எதுவும் தெரியவில்லை.

கிட் விஷயத்தில் அந்தக் கவலை குறைவு. 'இன்டெக்ஸ்.லாக்' என்பது வெறும் அடையாளம் மட்டுமல்ல, புதிய இன்டெக்ஸையே (அடுத்த கமிட்டில் சேர வேண்டியவற்றின் பட்டியலை) அதில் எழுதி, முடித்ததும் பெயர் மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் செத்தால் பழைய இன்டெக்ஸ் அப்படியே இருக்கும். கமிட் செய்தது, அதாவது நிலையாகப் பதிந்தது, பொதுவாகப் போகாது, கடைசியாக 'ஆட்' செய்தது மட்டும் போயிருக்கலாம். கரண்ட் போகாத நாளிலும் இந்தச் செய்தி வருகிறது என்கிறீர்களே, அப்போது யாராவது பகிர்ந்த டைரக்டரியை எடிட்டரில் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னணியில் ஓடும் 'கிட் ஸ்டேட்டஸ்' கூட இன்டெக்ஸைப் புதுப்பிக்க ஒரு நொடி அந்தப் பூட்டைப் போடும். அது செத்த பூட்டு அல்ல. சில நொடி கழித்து மறுபடி முயன்றாலே போதும்.

நீக்கும் முன் கேட்க வேண்டியவை

இனி ஒரு பூட்டைப் பார்த்தால் இப்படிப் போங்கள்.

யார் போட்டது? கடலுக்குப் போகும் படகுக்கு அனுமதி டோக்கன் எழுதுவதுபோல, பூட்டுக் கோப்புக்குள் கணினியின் பெயர், பிராசஸ் எண், பயனர், தொடங்கிய நேரம் நான்கும் இருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் வெறும் காலிக் கோப்பைத்தான் உருவாக்குகிறது. அதை இன்றைக்கே மாற்றிவிடலாம், ஒரு வரி வேலை.

எந்தக் கணினியில் தேடுவது? இதில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், பகிர்ந்த டைரக்டரி ஒன்றில் பூட்டைப் பார்த்தேன். அதிலிருந்த பிராசஸ் எண்ணை என் கணினியில் தேடினேன், இல்லை. செத்துவிட்டது என்று நீக்கினேன். அந்தப் பிராசஸ் அடுத்த அறையில் இருந்த இன்னொரு கணினியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று கெட்டுப்போன பில்ட் வாடிக்கையாளரிடம் போய், காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. அதனால் சொல்கிறேன்: பிராசஸ் எண் அந்தந்தக் கணினிக்குள் மட்டும்தான் பொருள்படும். கன்டெய்னருக்குள் (ஒரே கணினியில் தனியாகப் பிரித்த சூழலுக்குள்) ஓடினால் அதற்குள் ஒரு எண், வெளியே வேறு எண். அதோடு எண்கள் மறுபடி பயன்படுத்தப்படும், ஆகவே அதே எண்ணில் வேறு ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது என்ன நிரல், எப்போது தொடங்கியது என்றும் பாருங்கள்.

யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா? 'எல்எஸ்ஓஎஃப்' அல்லது 'ஃப்யூசர்' கட்டளை சொல்லும். கர்னல் பூட்டு என்றால் 'எல்எஸ்லாக்ஸ்' காட்டும். ஆனால் சர்வரில் நின்று 'எல்எஸ்ஓஎஃப்' போட்டால், என்எஃப்எஸ் வழியாக மேசைக் கணினியில் திறந்திருப்பது தெரியாது. நான்கு மேசைகளிலும் பார்க்க வேண்டும், அல்லது நான்கு பேரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆறு பேர் உள்ள இடத்தில் கேட்பதுதான் சீக்கிரம் முடியும். துண்டு வகைப் பூட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்பை உருவாக்கி உடனே மூடிவிடும் ஸ்கிரிப்ட் என்றால், உயிரோடு இருக்கும்போதும் 'எல்எஸ்ஓஎஃப்' எதையும் காட்டாது. உங்கள் 'பில்ட்.லாக்' அப்படித்தான்.

எப்போது போட்டது? வயதை நம்பாதீர்கள் என்றேன். ஆனால் ஒரே ஒரு ஒப்பீடு உறுதியானது. 'அப்டைம் -எஸ்' கொடுத்தால் அந்தக் கணினி கடைசியாக எப்போது எழுந்தது என்று சொல்லும். பூட்டின் நேரம் அதற்கு முந்தையது, பூட்டைப் போட்ட பிராசஸும் அதே கணினியில்தான் ஓடியது என்றால், அந்தப் பிராசஸ் உயிரோடு இருக்க வழியே இல்லை. 4.37 பூட்டு, 6.10-க்கு எழுந்த சர்வர், இரவு பில்ட் ஓடியதும் அதே சர்வர். நீங்கள் 6.20-க்குச் செய்தது சரி என்று நான் சொல்வது இந்தக் கணக்கால்தான். அதே 4.37 பூட்டை, தனி யூபிஎஸ் வைத்திருக்கும் மேசைக் கணினி ஒன்று போட்டிருந்தால், கதை வேறு.

எல்லாம் பார்த்தபின்னும் நீக்காதீர்கள், பெயரை மாற்றி ஒதுக்கி வையுங்கள். பின்னால் கேள்வி வந்தால் கையில் சான்று இருக்கும். இது துண்டு வகைக்கு மட்டும். கர்னல் பூட்டுக் கோப்பை நகர்த்தவும் கூடாது. அங்கே பிடித்திருக்கும் பிராசஸைக் கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் வழி. பில்ட் முடிந்தபின்னும் 'எல்எஸ்லாக்ஸ்' பூட்டைக் காட்டினால், அந்த ஸ்கிரிப்ட் தொடங்கிவிட்ட ஏதாவது பின்னணி நிரல் இன்னும் ஓடுகிறதா என்று தேடுங்கள். 'எஃப்லாக்' பூட்டு, திறந்த கோப்போடு சேர்ந்து குழந்தைப் பிராசஸுக்கும் போகும். அப்பா போனாலும் குழந்தை பிடித்துக்கொண்டிருக்கும்.

கரண்ட் வந்தவுடன் என்எஃப்எஸ் கணினிகள் ஒன்றரை நிமிடம் தொங்குவதையும் எழுதியிருந்தீர்கள். அது கோளாறு இல்லை. சர்வர் எழுந்ததும், முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் திரும்ப வந்து தங்கள் பூட்டைக் கேட்க அவகாசம் கொடுக்கிறது. லினக்ஸில் வழக்கமாக 90 விநாடி. அதுவரை புதுப் பூட்டு யாருக்கும் கிடைக்காது. அந்த நேரத்தில் எதையும் நீக்காமல் காத்திருங்கள்.

ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

உங்கள் ஸ்கிரிப்ட்களில் ஒன்று '/டிஎம்பி' என்ற தற்காலிக டைரக்டரியில் பூட்டு வைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் (ஒருவர் கோப்பை மற்றவர் நீக்காதபடி தடுக்கும் குறி) போட்ட டைரக்டரி அது. அதில் இன்னொருவருக்குச் சொந்தமான கோப்பை, 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற கொடியோடு திறந்தால், லினக்ஸ் கர்னல் 4.19-இலிருந்து மறுக்க முடியும். 'புரொடெக்டட்_ரெகுலர்' என்ற பாதுகாப்பு அமைப்பு அது. ரூட்டாக இருந்தாலும் மறுக்கும். யாரோ ஒருவர் பொறி வைத்த கோப்பில் ரூட் போய் எழுதிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. அதை அணைக்காதீர்கள். பூட்டை அங்கிருந்து நகர்த்துங்கள்.

என்ன மாற்றலாம்?

கிரான் வரியை இன்றே எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

அதற்குப் பதில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, இப்போதிருக்கும் துண்டு முறையையே வைத்துக்கொண்டு, உள்ளே விவரம் எழுதி, மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு நீக்குவது. செலவில்லை. ஆனால் அவசரத்தில் ஒருவர் கேள்வியைத் தாண்டுவார். தவிர, உங்கள் ஸ்கிரிப்ட் 'கோப்பு இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு, அடுத்த வரியில் உருவாக்குகிறது. அந்த இடைவெளியில் இருவர் நுழையலாம். 'எம்கேடிர்' (டைரக்டரி உருவாக்கும் கட்டளை) கொண்டு பூட்டினால் பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே செயலாகும்.

இரண்டாவது, எல்லோரும் சர்வரில் உள்நுழைந்துதான் பில்ட் செய்ய வேண்டும், ஸ்கிரிப்ட் முழுவதையும் 'எஃப்லாக் -என்' (பூட்டு கிடைக்காவிட்டால் உடனே விலகும்) கட்டளைக்குள் ஓட்ட வேண்டும் என்பது. பூட்டுக் கோப்பை '/ரன்' கீழே குழுவுக்கென்று ஒரு டைரக்டரியில் வைத்தால், அது நினைவகத்தில் இருப்பதால் கரண்ட் போனதும் மறைந்துவிடும். செத்த பூட்டு என்ற பிரச்சினையே எழாது. என்எஃப்எஸ் குழப்பமும் போகும். குறை என்னவென்றால், ஒருவர் கட்டும்போது ஐந்து பேர் காத்திருப்பார்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது மூன்றாவது வழி. ஆளுக்கு ஒரு பில்ட் டைரக்டரி. கார்கோவுக்கு டார்கெட் டைரக்டரியை ஆளுக்கு ஒன்றாக மாற்ற ஒரு சூழல் மாறி போதும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பகிரத் தக்கதை மட்டும் பகிரலாம். 'சிகேஷ்' போன்ற கம்பைல் சேமிப்பகம் (ஒருமுறை கட்டியதை மறுபடி கட்டாமல் எடுத்துத் தருவது) பலர் பகிர்வதற்கென்றே எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்ததும் பெயர் மாற்றி வைக்கும். பாதிக் கோப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த டைரக்டரிக்குக் குழு உரிமையும் செட்ஜிட் பிட்டும் (புதுக் கோப்புகளையும் அதே குழுவுக்குச் சொந்தமாக்கும் குறி) கொடுத்து, 'யூமாஸ்க்' 002 (குழுவினரும் எழுதலாம் என்ற அமைப்பு) வைத்தால் அனுமதித் தகராறும் வராது.

படகில் ஏற்றும் பில்ட் மட்டும் தனி. அதை ஒரே கணக்கில், சர்வரில், காலி டைரக்டரியில், 'எஃப்லாக்' வைத்து, கார்கோவுக்கு '--லாக்டு' கொடுத்துக் கட்டுங்கள். அந்தக் கொடி இருந்தால், பதிப்புப் பட்டியல் காணாமல் போயிருந்தாலோ மாற வேண்டியிருந்தாலோ கார்கோ தானாகத் தேர்ந்தெடுக்காமல் நின்றுவிடும்.

யூபிஎஸ்ஸையும் சும்மா விடாதீர்கள். அதில் யூஎஸ்பி இணைப்பு இருந்தால் சர்வரோடு கம்பியால் இணைத்து, பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி செய்யலாம். 'நட்' என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. ஒழுங்காக அணைந்தால் ஸ்கிரிப்டுக்கு முடிக்கச் சொல்லி சைகை போகும், 'ட்ராப்' ஓடும், பூட்டு எடுக்கப்படும், பாதிக் கோப்புகளை மேக் நீக்கும். கையில் 20 நிமிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விளக்கக் கடிதம்

யார் மேலும் பழி போடாமல், நேரவாரியாக எழுதுங்கள். 4.37, 4.40, 6.10, 6.20, 7.00, 9.00. ஒவ்வொன்றுக்கும் சான்றைச் சேருங்கள்: சர்வர் எழுந்த நேரம், கட்டளை வரலாறு, கிரான் ஓடிய பதிவு. மூல நிரல் டைரக்டரியில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். 'கார்கோ.லாக்' நீக்கப்பட்டதாகவோ மாறியதாகவோ காட்டினால், அந்தத் திரையையும் இணையுங்கள். பில்ட் டைரக்டரியில் பூஜ்ய அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகள் இருக்கின்றனவா என்று 'ஃபைண்ட்' கொண்டு தேடுங்கள். இதையெல்லாம் எடுக்கும்வரை அந்த டைரக்டரியை யாரும் துடைக்க வேண்டாம் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

6.20-க்குப் பூட்டை எடுத்தபின் குழுவுக்குச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அதை மறைத்தால் மற்ற பத்து வரிகளின் பலமும் குறையும். அண்ணனைப் பற்றி எழுதும்போது, 'கிரான் வரி போட்ட நோக்கம் எங்கள் வேலையை எளிதாக்குவதுதான்' என்று எழுதலாம், அது உண்மையும்கூட. முடிந்தால் கடிதம் கொடுக்கும் முன் அவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அந்த வரி எங்கே இடறியது என்று முதலில் அவர் தனியாகத் தெரிந்துகொள்வது உங்கள் இருவருக்கும் நல்லது.

பூட்டை நீக்குவது உங்கள் வேலை என்று வாய்மொழியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை எழுத்தில் கேளுங்கள்: யார் நீக்கலாம், எதைப் பார்த்தபின் நீக்கலாம், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. விதி இல்லாத வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, தவறும்போது அவரிடம் மட்டும் விளக்கம் கேட்பது முறையில்லை. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது என்று நான் நினைக்கவில்லை. நிமிடவாரியாக நேரத்தைக் குறித்து வைத்து எழுதிய உங்கள் கடிதத்தால்தான் என்னால் இவ்வளவு சொல்ல முடிந்தது. அப்படிக் குறித்து வைப்பவர்கள் ஒரு குழுவில் அதிகம் இருப்பதில்லை.

கடிதத்தை நாளை எழுதலாம். அதற்கு முன் இன்று ஒரு காரியம் இருக்கிறது. அந்த மூன்று படகுகளில் இரண்டு கருவிகள் கோளாறு காட்டின, மூன்றாவது சரியாக ஓடுகிறது என்று அப்படியே விட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலும் அதே பில்ட்தான் இருக்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி நடுக்கடலில் ஒலி வரவில்லை என்றால், இன்னும் கோட்டை நெருங்கவில்லை என்றுதான் படகில் இருப்பவர் நினைப்பார். அடுத்த முறை டோக்கன் வாங்கிக் கிளம்பும் முன் அந்தப் படகுக்காரரைக் கூப்பிட்டு, கருவியைக் கழற்றி வாங்கிவிடுங்கள், அல்லது பழைய பில்டை ஏற்றிக் கொடுங்கள்.